எண்ணாயிரம் கல்லூரி: 340 மாணவர், 10,506 கலம் நெல். இந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

ஏடு தேடி கேட்டது:

வணக்கம். பழங்கால இந்தியாவின் உயர்கல்வி பற்றி ஒரு பள்ளி மலருக்குக் கட்டுரை தயாராகிறது. நாளந்தாவை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதனால் விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரம் ஊரில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் (சுமார் 1025) வெட்டிய கல்வெட்டை நடுவில் வைக்கலாம் என்று எண்ணம். இணையத்தில் கிடைக்கும் எண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

என் சந்தேகங்கள்:

அங்கே படித்தவர்கள் 8,000 பேரா, 340 பேரா? இளைய மாணவருக்குத் தினம் 6 நாழி என்கிறார்களே, அது அரிசியா நெல்லா? 14 ஆசிரியர்களுக்கும் ஆளுக்குத் தினம் ஒரு கலம் நெல் என்று ஓரிடத்தில் படித்தேன், அது சரியா? 61½ கழஞ்சு (பொன்னை நிறுக்கும் பழைய எடை) பொன் எதற்கு? கடைசியாக, நாளந்தாவோடு பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு அட்டவணை போட்டால் பொருந்துமா?

---

கலம்தூணிபதக்கு எழுதியது:

8,000-ஐ முதலில் தூக்கி எறியுங்கள். எண்ணாயிரம் என்பது ஊர்ப்பெயர். ஊர்ப்பெயரைப் பார்த்து மாணவர் எண்ணிக்கை சொல்வது, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைப் பாடியவர்கள் நாலாயிரம் பேர் என்பது மாதிரி. கல்வெட்டில் இருப்பது 340: இளையவர் 270, மூத்தவர் 70.

இளையவர்களில் ரிக் வேதம் 75, யஜுர் வேதம் 75, வாஜசனேயம் (யஜுர் வேதக் கிளை) 20, சாந்தோக சாமம் 20, தலவகார சாமம் 20 (இரண்டும் சாம வேதக் கிளைகள்), அதர்வம் 10, போதாயன கிருஹ்ய, கல்ப சூத்திரங்கள் 10. கூட்டினால் 230. இவர்களோடு ரூபாவதாரம் என்ற தொடக்க இலக்கணம் படித்த 40 பேர். ஆக 270. மூத்தவர்களில் வியாகரணம் (வடமொழி இலக்கணம்) 25, பிரபாகர மீமாம்சை (வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் சாத்திரம்) 35, வேதாந்தம் 10. ஆக 70. இணையத்தில் ஏதாவது பட்டியல் கண்ணில் பட்டால் முதலில் இந்த இரண்டு கூட்டுத்தொகையும் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தலவகாரம் விடுபட்டுப் போயிருக்கும்.

அடுத்தது முகத்தலளவை. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். அதாவது ஒரு கலத்துக்கு 12 குறுணி அல்லது 96 நாழி. இந்த 96 கையில் இருந்தால் போதும், மிச்சமெல்லாம் வகுத்தல்தான்.

இளையவருக்குத் தினம் 6 நாழி நெல். 270 × 6 = 1,620 நாழி. கலமாக மாற்றினால் 16 கலம் 10 குறுணி 4 நாழி. மூத்தவருக்குத் தினம் 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. 70 × 10 = 700 நாழி, அதாவது 7 கலம் 3 குறுணி 4 நாழி. இரண்டும் சேர்ந்து 24 கலம் 2 குறுணி. பின்னம் இல்லாமல் உட்காருகிறது பாருங்கள்.

ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் மாணவர் பங்கு மட்டும் 8,700 கலம். மொத்தத் தேவை 10,506 கலம். ஆக ஆறில் ஐந்து பங்கு மாணவர் வயிற்றுக்கே போகிறது. மிச்சம் 1,806 கலத்தில்தான் ஆசிரியர்களின் நெல் வரவேண்டும். 14 பேருக்கும் ஆளுக்குத் தினம் ஒரு கலம் என்றால் 14 × 360 = 5,040. அதை 8,700-உடன் சேர்த்தால் 13,740 ஆகிவிடும். கணக்கு உதைக்கிறது. அந்த வரியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பொன் கணக்கு இன்னும் அழகு. மூத்த மாணவர் 70 பேருக்கு ஆளுக்கு அரைக் கழஞ்சு, 35 கழஞ்சு. வேதாந்த ஆசிரியர் தவிர மற்ற 13 ஆசிரியர்களுக்கு ஆளுக்கு அரைக் கழஞ்சு, 6½ கழஞ்சு. வியாகரண ஆசிரியருக்கு அத்தியாயத்துக்கு ஒரு கழஞ்சு வீதம் 8. பிரபாகரம் சொன்னவருக்கு அதே வீதத்தில் 12. கூட்டுங்கள்: 35 + 6½ + 8 + 12 = 61½.

8-ம் 12-ம் சும்மா வந்த எண்கள் இல்லை. பாணினியின் அஷ்டாத்யாயிக்கு 8 அத்தியாயம், மீமாம்சா சூத்திரத்துக்கு 12 அத்தியாயம். பாடம் முடிக்க முடிக்கக் காசு. சிலபஸ் முடியாமலே ஆண்டு முடிகிற பேச்சுக்கே அங்கே இடமில்லை! வேதாந்தம் சொல்பவருக்கு மட்டும் இந்தப் பொன் கிடையாது. துறவு பேசுகிற பாடத்துக்குப் பொன் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

இதற்கெல்லாம் முதலாக வைத்த நிலம் 45 வேலி (பழைய நில அளவு). வேலிக்கு 233 கலத்துக்குக் கொஞ்சம் மேலே விழுகிறது. புதுச்சேரி பக்கம் திரிபுவனியில் 1048-இல், முதலாம் ராஜாதிராஜன் காலத்தில் இதே மாதிரி ஒரு ஏற்பாடு: 260 மாணவர், 12 ஆசிரியர், 72 வேலி, 12,000 கலம். அங்கே வேலிக்கு 166 சொச்சம்தான். ஆகவே 'வேலிக்கு இத்தனை கலம்' என்று ஒரே வாய்ப்பாடு போட்டு எல்லா ஊருக்கும் ஓட்டாதீர்கள்.

---

ஏடு தேடி:

ரொம்ப நன்றி சார். 6 நாழி நெல் என்றால் அரிசி எவ்வளவு? கிலோவில் போட்டால் பிள்ளைகளுக்குப் புரியும். 360 நாள் என்று எடுத்ததற்கு ஆதாரம் உண்டா, அல்லது வசதிக்காகவா?

---

கலம்தூணிபதக்கு:

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லுக்கு அரிசி ஐந்துக்கு இரண்டு. 5 நாழி நெல் குத்தினால் 2 நாழி அரிசி. அந்த வீதத்தில் 6 நாழி நெல்லுக்கு 2 நாழியும் இன்னொரு நாழியில் ஐந்தில் இரண்டு பங்கும். மூத்தவருக்கு 10 நாழி நெல், அதாவது 4 நாழி அரிசி. ஒரு ஆள் தினம் 4 நாழி அரிசி தின்றுதான் மீமாம்சை படித்தான் என்று பொருள் இல்லை. நெல் அன்றைக்குச் சோறும்தான், செலாவணியும்தான். உப்பு, மோர், காய்கறி, விறகு எல்லாம் நெல் கொடுத்து வாங்குகிற காலம்.

கிலோவில் போடாதீர்கள். மரக்கால், அதாவது நெல் அளக்கும் பாத்திரம், ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் மாறும். தஞ்சையில் ஆடவல்லான் என்றும் ராஜகேசரி என்றும் மரக்காலுக்கே பெயர் வைத்து, எந்த மரக்காலால் அளப்பது என்று கல்லில் வெட்டியதற்குக் காரணமே அதுதான். பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்றால் விகிதம் சொல்லுங்கள்: மூத்தவருக்கு மூன்று பங்கு என்றால் இளையவருக்கு இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு.

---

பாலாற்றங்கரை:

360 நாள் வசதிக்கான எண் இல்லை. திருமுக்கூடல் கல்வெட்டை எடுங்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் வெங்கடேசப் பெருமாள் கோயில். வீரராஜேந்திரன் காலம், 1067-68. மருத்துவருக்குத் தினம் 3 குறுணி, ஆண்டுக்கு 90 கலம். 3 × 360 = 1,080 குறுணி, 12-ஆல் வகுத்தால் சரியாக 90. வேத ஆசிரியருக்குத் தினம் ஒரு பதக்கு, ஆண்டுக்கு 60 கலம். இலக்கணம் சொல்பவருக்குத் தினம் ஒரு தூணி, ஆண்டுக்கு 120 கலம். எல்லாமே 360-இல்தான் விழும். 365 போட்டுப் பார்த்தால் ஒன்றுகூட முழுதாக வராது.

நெல்லோடு காசும் உண்டு. வேத ஆசிரியருக்கு 4 காசு, இலக்கண ஆசிரியருக்கு 10 காசு, மருத்துவருக்கு 8 காசு. வேதம் சொல்பவரைவிட இலக்கணம் சொல்பவருக்கு நெல் இரண்டு மடங்கு, காசு இரண்டரை மடங்கு. இதைக் கட்டுரையில் சேர்க்கலாம். 'வேதத்துக்குத்தான் முதல் மரியாதை' என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் சம்பளப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

60 மாணவர்தான், சின்ன இடம். ஆனால் விடுதி எப்படி நடந்தது என்று தெரிவது இங்கேதான். சாப்பாட்டோடு படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய், இரவு விளக்குக்கு எண்ணெய். எல்லாவற்றுக்கும் தனித்தனி ஒதுக்கீடு. கூடவே வீரசோழன் என்ற பெயரில் 15 பேர் படுக்கிற ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. கோயில் பணியாட்களும் வேத பாடசாலைக்காரர்களும் நோய்ப்பட்டால் அங்கே. சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு, அதாவது அறுவை மருத்துவருக்கு, 30 கலம். மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாணக லவணம் என்று இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளையும் பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க எரிய ஒரு விளக்குக்கும் எண்ணெய்.

ஒரு எச்சரிக்கை. இங்கே மருத்துவக் கல்லூரி இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். இருந்தது மருத்துவமனை. மருத்துவம் படித்த மாணவர் என்று அந்த 60-இல் யாரும் இல்லை.

---

பதபாடம்:

எண் எல்லாம் வந்துவிட்டது. எண்ணாயிரத்தில் வேதம் படித்த அந்த 230 பேர் காலையில் உட்கார்ந்து என்னதான் செய்தார்கள் என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். இல்லாவிட்டால் கட்டுரை நெல் மண்டிக் கணக்கு மாதிரி இருக்கும்.

ரிக் வேதத்தின் முதல் சொற்கள்: அக்னிமீளே புரோஹிதம். தொடர்ச்சியாகச் சொல்வது சம்ஹிதை. அடுத்து பதபாடம், சந்தியைப் பிரித்து அக்னிம், ஈளே, புரோஹிதம் என்று சொல் சொல்லாக. அடுத்து கிரமம், இரண்டிரண்டாகக் கோத்து: அக்னிம் ஈளே, ஈளே புரோஹிதம். ஜடையில் ஒவ்வொரு ஜோடியையும் முன், பின், முன் என்று திருப்பவேண்டும்: அக்னிம் ஈளே, ஈளேக்னிம், அக்னிம் ஈளே. கனத்தில் மூன்றாவது சொல்லும் சேரும். 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று போகும்.

நடு வரிசையைக் கவனியுங்கள். ஈளே, அக்னிம் இரண்டையும் திருப்பிப் போட்டதும் 'அ' மறைந்து ஈளேக்னிம் ஆகிறது. மூலத்தில் இல்லாத ஒரு புதிய சந்தி. அதை அந்தக் கணத்தில் சரியாகச் சேர்க்கத் தெரியாதவன் தடுக்கி விழுவான். ஸ்வரமும், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கமும், அப்படியே. தனியாகச் சொல்லும்போது 'ஈளே' முழுக்கத் தாழ்ந்த ஒலி. 'அக்னிம்' முன்னால் வந்ததும் 'ஈ' ஸ்வரிதமாக ஏறும். ஒருவன் ஓரிடத்தில் தப்பாகப் பிடித்திருந்தால் சம்ஹிதையில் மறைத்துவிடலாம், ஜடையில் மாட்டிக்கொள்வான். ஏடு பார்க்காமலே பிழை திருத்துகிற ஏற்பாடு இது.

ரிக், யஜுர் இரண்டுக்கும் மும்மூன்று ஆசிரியர்கள் இருந்தது இதனால்தான் சரியாகப் படுகிறது. 75 பேருக்கு 3 பேர், ஆளுக்கு 25. இதற்கு மேல் போனால் யார் ஸ்வரம் தப்பினான் என்று காதில் விழாது. பிரபாகரத்தில் 35 பேருக்கு ஒருவர். அங்கே நடப்பது வாதமும் விளக்கமும், கூட்டம் கொஞ்சம் பெரிதானாலும் தாங்கும்.

ரூபாவதாரம் பற்றியும் ஒரு வரி. பாணினியின் சூத்திர வரிசை தொடக்கக்காரனுக்குக் காட்டில் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கும். ஒரு வேற்றுமை உருபை முடிக்க நாலு அத்தியாயத்தில் அலைய வேண்டும். ரூபாவதாரம் அந்தச் சூத்திரங்களைப் பொருள்வாரியாக, சந்தி தனி, பெயர் தனி, வினை தனி என்று மாற்றி அடுக்கிய நூல். ஆசிரியர் தர்மகீர்த்தி ஒரு பௌத்தர். (நியாய நூல் எழுதிய தர்மகீர்த்தி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சோழர் காலத்து வேதக் கல்லூரியில் பௌத்தர் எழுதிய பாடநூல்! இலக்கணத்துக்குச் சமயம் பார்க்கவில்லை.

பாடத்தில் இல்லாதவற்றையும் எழுதுங்கள். எண்ணாயிரத்தில் தமிழ் இலக்கணம் இல்லை, கணிதம் இல்லை, வைத்தியம் இல்லை. படித்தவர்கள் பிராமண ஆண்பிள்ளைகள். திரிபுவனியில் ராமாயணம், பாரதம், மனு சாத்திரம் சொல்லவும் ஆள் வைத்தார்கள். 'அக்காலத்தில் எல்லோருக்கும் இலவச உயர்கல்வி' என்று யாராவது அனுப்பினால் நம்பிவிடாதீர்கள்.

---

ஏடு தேடி:

நாளந்தா அட்டவணைக்கு இந்த எண்கள் கிடைத்தன: மாணவர் 8,500, ஆசிரியர் 1,510. போடலாமா?

---

மகதப்பாதை:

போடாதீர்கள். அந்த 8,500 எங்கிருந்து முளைத்தது என்று சொல்கிறேன். சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதிய ஹுய்லி, நாளந்தாவில் 10,000 பேர் என்கிறார். அதே நூலில், 20 நூல்களை விளக்க வல்லவர் 1,000 பேர், 30 நூல்களை விளக்க வல்லவர் 500 பேர், 50 நூல்களை விளக்க வல்லவர் 10 பேர் என்று வருகிறது. இந்த மூன்றையும் யாரோ கூட்டி 1,510-ஐ 'ஆசிரியர்' ஆக்கிவிட்டார்கள். 10,000-இல் அதைக் கழித்து மிச்சத்தை 'மாணவர்' ஆக்கிவிட்டார்கள். ஹுய்லி சொன்னது புலமைத் தரம், சம்பளப் பட்டியல் இல்லை. யுவான் சுவாங் தம் சொந்தக் குறிப்பில் சில ஆயிரம் துறவிகள் என்றுதான் எழுதுகிறார்.

675-இல் நாளந்தாவுக்குப் போய்ப் பத்தாண்டு தங்கிய இன்னொரு சீனத் துறவி இத்சிங் சொல்வது 3,000-க்கு மேல். மண்டபம் 8, அறை 300. அறைக்குப் பத்துப் பேர் என்று பார்த்தால் நெரிசல்தான், ஆனால் 10,000-க்கு இது எவ்வளவோ மேல். இன்று தோண்டி எடுத்திருப்பது 11 விகாரைகள். கட்டுரைக்கு '3,000-க்கு மேல் (இத்சிங்)' என்று ஆளின் பெயரோடு எழுதுங்கள்.

நுழைவு பற்றி யுவான் சுவாங் எழுதியதைச் சேர்க்கலாம். வாசலிலேயே கேள்வி. வெளியூரிலிருந்து வாதம் செய்ய வந்தவர்களில் பத்துக்கு ஏழு எட்டுப் பேர் அங்கேயே தோற்றுத் திரும்புவார்கள். ஆகவே இது தொடக்கக் கல்விக்கான இடம் இல்லை. அதற்கு முந்தைய படிகளை இத்சிங் வயதோடு சொல்கிறார்: ஆறு வயதில் எழுத்து, ஆறு மாதம். எட்டு வயதில் பாணினி சூத்திரம், எட்டு மாதத்தில் மனப்பாடம். பத்து வயதில் கிலம் எனப்படும் மூன்று நூல்கள், மூன்று ஆண்டு. பதினைந்தில் பாணினிக்கு உரையான காசிகா விருத்தி, ஐந்து ஆண்டு. இருபது வயதில்தான் ஒருவன் தர்க்கத்துக்கும் தத்துவத்துக்கும் தயார். சீனாவிலிருந்து வருகிறவர்கள் இந்த விருத்தியை முதலில் படிக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

செலவு வந்த வழி எண்ணாயிரம் மாதிரியேதான், நிலமும் கிராமமும். இத்சிங் காலத்தில் 200-க்கு மேற்பட்ட ஊர்களின் வருவாய். யுவான் சுவாங்குக்குத் தினப்படி என்ன கொடுத்தார்கள் என்றுகூட ஹுய்லி எழுதிவைத்திருக்கிறார். ஜம்பீரப் பழம் (எலுமிச்சை வகை) 120, பாக்கு 20, ஜாதிக்காய் 20, கொஞ்சம் கற்பூரம், ஒரு அளவு மகாசாலி என்ற உயர்ந்த ரக அரிசி. அது பெரிய விருந்தாளிக்கு வைத்த படி. எல்லா மாணவனுக்கும் இதுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

நம் பக்கத்துத் தொடர்பு வேண்டும் என்றால் தர்மபாலர் இருக்கிறார். காஞ்சிபுரத்தில் பிறந்து நாளந்தாவின் தலைமைக்குப் போனவர். யுவான் சுவாங்கின் குரு சீலபத்திரருக்கு இவர்தான் குரு.

தட்சசீலத்தை அட்டவணையில் சேர்க்கவே வேண்டாம். அது ஒரே நிறுவனம் இல்லை, ஆசிரியர் ஆசிரியராகத் தனி வீடு. ஜாதகக் கதைகளில் பணம் கட்டிப் படிப்பவன் ஒரு வகை, பகலில் குருவுக்கு வேலை செய்து இரவில் பாடம் கேட்பவன் இன்னொரு வகை.

---

வேணாட்டு வாசகன்:

குறுக்கே ஒன்று. விடுதி ஒழுங்கு பற்றி எழுதுவதானால் பார்த்திவபுரம் செப்பேட்டை விடாதீர்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், முஞ்சிறைக்குப் பக்கம். ஆய் மன்னன் கருநந்தடக்கன், 866. காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடத்தின் முறைப்படி 95 சட்டர்களுக்கு (வேத மாணவர்களுக்கு) இடம். வேதக் கிளைவாரியாக: பவிழிய சரணத்துக்கு 45, தைத்திரீயத்துக்கு 36, தலவகாரத்துக்கு 14. சேருவதற்கு இலக்கணம் தெரிந்திருக்கவேண்டும், மூவேந்தர் நாட்டு நடைமுறைக்கு வேண்டிய அறிவும் வேண்டும். ஒருவரை ஒருவர் ஏசினால் தண்டம். ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது. மடத்தில் வெள்ளாட்டி (பணிப்பெண்) வைத்துக்கொள்ளக்கூடாது. தடை போட்டிருக்கிறார்கள் என்றால் நடந்திருக்கிறது என்றுதானே பொருள்!

---

ஏடு தேடி:

அட்டவணையைக் கைவிட்டுவிட்டேன். எண்ணாயிரம், திரிபுவனி, திருமுக்கூடல் மூன்றையும் உரைநடையாகவே எழுதி, நாளந்தாவுக்குத் தனிப் பத்தி. 'நெல்' என்று எல்லா இடத்திலும் திருத்தியாயிற்று. அரைக் கழஞ்சை மட்டும் எப்படி விளக்குவது? கிராமில் போடலாமா?

---

கலம்தூணிபதக்கு:

கிராமும் வேண்டாம். ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி. அரைக் கழஞ்சு 10 மஞ்சாடி. மஞ்சாடி விதை இன்றைக்கும் கிடைக்கும், சிவப்பாக, பளபளவென்று இருக்கும். மலர் வெளியீட்டு நாளில் பத்து விதையை ஒரு தட்டில் வைத்துக் காட்டுங்கள், மூத்த மாணவனுக்குக் கிடைத்த பொன் இவ்வளவு எடை என்று. குன்றிமணியால் செய்வதானால் 20 வேண்டும், இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. குன்றிமணி விஷம், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.